சேலத்திலிருந்து நேர் தெற்கே

ஒரு மணி ஐந்து நிமிடம்தான், அதில் பாதி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போய்விடும், நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் நீ வானத்தில் இருப்பாய் என்று மகள் சிந்துஜா பூனாவிலிருந்து போனில் சொல்லியிருந்தாள். ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறவர்களிடம் பேசுகிற குரலில். அந்தக் குரல் ஹேமாவதிக்கு நன்றாகத் தெரியும். அஸ்தம்பட்டியில் தன் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினமும் காலை ஆறரையிலிருந்து அவள் பேசுகிற குரல்தான் அது, கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரிய மீசைக்காரர்களிடம், இதோ ஆச்சுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது அவள். பூனாவுக்குப் போன விமானங்கள் பெரியவை, இது டவுன் பஸ் அளவுக்குத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இறக்கைக்கடியில் காற்றாடி சுழல ஆரம்பித்ததும் முன் சீட்டின் முதுகு நடுங்கியது, அவள் மடியிலிருந்த கைப்பை நடுங்கியது, பையிலிருந்த கண்ணாடிக் கூடு எதிலோ இடித்துக் கடகடவென்றது. ஓமலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்துகொண்டே கீழே போயின. சேலம் ஒரு கையகலம் ஆயிற்று, பிறகு மேகம். நேர்கோடு போட்டா முன்னூத்தி நாப்பது கிலோமீட்டர்தாம்மா என்று சிந்துஜா சொன்னாள், மேப்பில் பாத்தேன், சேலத்துல பென்சிலை வச்சுக் கீழ இழுத்தா நேரா தூத்துக்குடிதான், ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கு, நீயும் அப்பாவும் இத்தனை வருஷமா ஒரே கோட்டுலதான் இருந்திருக்கீங்க. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஹேமாவதியும் சிரித்தாள். போனை வைத்த பிறகு அது சிரிக்கிற விஷயமா என்று யோசித்தாள்.

தூரம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். உறவுக்காரர்கள் கேட்டால், பக்கத்துக் கடைக்காரர் கேட்டால், ரத்தம் கொடுக்க வந்த அம்மாக்கள் கட்டுப்போட்ட பஞ்சை அழுத்திக்கொண்டே சார் எப்பம்மா வருவாரு என்று கேட்டால், ரொம்பத் தூரமுங்க, ராத்திரி பூராவும் பஸ்ல வரணும், லீவும் கிடைக்கறதில்ல. பொய்யில்லை. நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று ஒவ்வொரு ஊராக இறங்கி ஏறி வருகிற பஸ் அது. கணவருக்குப் பதவி உயர்வோடு தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தபோது சிந்துஜாவுக்கு ஒன்பது வயது, பரிசோதனை நிலையம் திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அப்போதுதான் டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். சிவப்பிரகாசம் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. மின்வாரியத்தில் இன்ஜினியர் என்றாலும் வீட்டில் பல்பு மாற்றக்கூட இதோ மாத்தட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். ரெண்டு வருஷம்தான் ஹேமா, பிறகு இந்தப் பக்கம் கேட்டு வாங்கிடலாம் என்றார். அவளும் ரெண்டு வருஷம்தானே என்றாள். அந்த இரண்டு வருடம் என்று முடிந்தது என்று அவளால் சொல்ல முடியாது. முடிந்த அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்து சீட்டில் வெள்ளை அங்கியும் கறுப்புக் குடையுமாக ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்திருந்தாள். சேலத்தில் யாரோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்து திரும்புகிறவள். தூத்துக்குடியில் யாரும்மா இருக்கா என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்றாள் ஹேமாவதி. அப்ப வீட்டுக்குப் போறீங்க என்று சொல்லி கன்னியாஸ்திரி திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு. அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் இருந்த குவார்ட்டர்ஸுக்கு மே மாத லீவில் சிந்துஜாவோடு மூன்று நான்கு தடவை போயிருக்கிறாள், சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும், குழாயில் வருகிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதற்குப் பிறகு அவர் வேறு குவார்ட்டர்ஸ் மாறினார், அதைப் பார்க்கவில்லை. சமையலறை எந்தப் பக்கம், எந்த ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார், காலையில் யார் டீ போடுகிறார்கள். ஜெபசெல்விக்குத் தெரிந்திருக்கும். ஜெபசெல்வி அவர் அலுவலகத்தில் வேலை செய்கிற பெண். போன வாரம் அவள்தான் போன் செய்து, மேடம், சார் நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க, எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், ரிடையர்மென்ட் பங்ஷன்ல வீட்டம்மா ரெண்டு வார்த்தை பேசுறது இங்க வழக்கம், சாரைப் பத்தி எதாவது, வீட்டுல எப்படி இருப்பாங்க, என்ன பிடிக்கும், அப்படி, என்றாள். சரி என்று சொல்லிவிட்டாள். சரி என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்.

ரெண்டு வார்த்தை. ஒரு வாரமாக அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள், ரத்த சாம்பிள்களை மெஷினில் சுழலவிட்டு அது நிற்பதற்குள், பால் பொங்குவதற்குள், தூக்கம் வருவதற்குள். எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் வேலையையே வீடாக நினைத்தவர். இதைச் சொல்லக் கூடாது, எல்லா வீட்டம்மாக்களும் இதைத்தான் சொல்வார்கள், அதோடு தங்கள் இருவர் விஷயத்தில் அது வேறு மாதிரிக் கேட்கும். என் கணவருக்குக் கோபமே வராது. வராதா? அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த அவர் நாற்பது வயதுக்காரர், தலைமுடி கறுப்பு, மோர்ச்சோற்றில் ஊறுகாயை நடுவில் வைத்துச் சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டு வருவார். இப்போதும் அப்படிச் சாப்பிடுகிறாரா? மோர் சேர்த்துக்கொள்கிறாரா? மகள் கல்யாணத்தில் சர்க்கரை வேண்டாம் என்று காப்பியைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தாள், கேட்க நினைத்தாள், அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். அஸ்தம்பட்டியில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு அவளுக்கு மனப்பாடம். பூக்காரம்மாவுக்கு எவ்வளவு, பேங்க் மேனேஜருக்கு எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு. ஆள் தெருமுனையில் திரும்பும்போதே இந்த மாதம் ஏறியிருக்கும் என்று சொல்லிவிடுவாள். ரெண்டு வார்த்தை. அவர் நல்லவர். இது ஒரு வார்த்தை. அவர் நல்லவர் என்று மைக்கில் சொன்னால் கைதட்டுவார்கள்.

மேகத்தின் நடுவில் ஒரு கிழிசல் வந்தது. கீழே காவிரி, மழைத்தண்ணீரில் செம்மண் நிறமாக, மணல்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு. கரூராக இருக்கும். பஸ்ஸில் வந்தால் இங்கே பத்து நிமிடம் நிற்கும் என்று அவர் சொல்வார். முதல் வருடம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்தார். விடியற்காலையில் கேட் சத்தம் கேட்கும். உள்ளே வந்ததும் பஸ் நாற்றம் அடிக்கிறதா என்று தன் சட்டையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டு நேராகக் குளிக்கப் போவார். மத்தியானம்வரை தூங்குவார், சிந்துஜாவை டியூஷனில் விட்டுக் கூட்டி வருவார், மறுநாள் ராத்திரி மறுபடி பை. பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு தீபாவளி, பொங்கல், யாராவது செத்தால். எந்த இடத்தில் மாறியது என்றுதான் தெரியவில்லை. சண்டை இல்லை, வேறு பெண் இல்லை, குடி இல்லை, யாரிடமும் சொல்லி அழுவதற்கு ஒன்றும் இல்லை. சிரமப்படாதே என்கிற வார்த்தை ஒன்றுதான் இருந்தது. மழையா இருக்கு, சிரமப்படாதீங்க. உனக்கு லேப் இருக்குமே, சிரமப்படாதே. பிள்ளைக்குப் பரீட்சை, இப்ப எதுக்கு சிரமம். ஒருவரை ஒருவர் எவ்வளவு மரியாதையாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்த விழாவுக்குக் கூப்பிட்டபோதுகூட, முப்பதாம் தேதி ஹேமா, எல்லாரும் குடும்பத்தோடதான் உக்காருவாங்க, முடிஞ்சா வா, சிரமம்னா வேண்டாம் என்றுதான் சொன்னார். அவள் எப்போதும்போல ரொம்பத் தூரமுங்களே என்றாள். அதற்கு அவர், இப்ப சேலத்துலருந்து இங்க ப்ளைட் விட்டிருக்காங்க என்றார். தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டவர்போல உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரிதான் சிந்துஜாவிடம் சொல்லி டிக்கெட் போடச் சொன்னாள்.

ஒரு தடவை மேட்டூருக்கு மாற்றல் வந்தது. வந்தது என்பதே அவளுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். மின்வாரியத்துக்காரர் ஒருவர் ரத்தம் கொடுக்க வந்தவர், சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொண்டே, சார் மேட்டூர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரே, கிடைச்சது பெரிய விஷயம், ஏன் விட்டாரு என்று கேட்டார். மேட்டூர். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். அவள் அந்த ஆளிடம் ஆமாங்க, அங்க வேலை முடியலைன்னாரு என்று சொல்லிவிட்டாள், தனக்கு முன்பே தெரிந்த மாதிரி. கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு தடவை போனை எடுத்தாள். கேட்டால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். ஏன் கேட்கவில்லை? கோபம்தான், கோபத்தால்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது, கீழே எதுவும் தெரியாமல் வெள்ளையாக இருக்கிற இந்த இடத்தில், அந்தக் கோபத்துக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினால் வேறு ஒன்று தட்டுப்படுகிறது, வழவழவென்று, பிடிக்கத் தயக்கமாக. நிம்மதி. சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்தால் தனக்கு மட்டும் இரண்டு தோசை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், விளக்கை எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். அவருக்கும் அங்கே அப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும். அதை விட மனம் வராமல் மேட்டூரை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருப்பார். இல்லை, அவள் ஒரு தடவைகூட எப்ப வர்றீங்க என்று கேட்கவில்லை என்பதால் எழுதிக் கொடுத்திருப்பாரோ. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடும், எப்போதும். அதற்கு மேல் போகாது. திரும்பி ரெண்டு வார்த்தைக்கு வந்தது. எல்லோருக்கும் வணக்கம்.

இன்றோடு அவருக்கு வேலை முடிகிறது. நாளையிலிருந்து லீவு கிடைக்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது. இனி எங்கே இருப்பார் என்பதை இரண்டு பேருமே இன்னும் பேசவில்லை. இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா, கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆன இரண்டு பேர் அடுத்த மாதம் யார் எங்கே இருப்பது என்று பேசாமல் இருக்கிறார்கள் என்று. அவர் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். போன மாதம் மாடி அறையிலிருந்த பழைய பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளையடித்தாள். ஓதம் ஏறியிருக்கு என்று பெயின்டரிடம் சொன்னாள். ஜன்னலுக்குப் புதிதாகக் கொசுவலை, ஒரு மேசை, பேப்பர் படிக்க விளக்கு. எல்லாம் ஆன பிறகு வாசலில் நின்று பார்த்தபோது பயமாக இருந்தது. அந்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன பேசுவது என்கிற பயம். வராமலே இருந்துவிட்டால் என்கிற பயமும் கூடவே. இரண்டும் ஒரே அளவில் இருந்தன. நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம், விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சாதாரணமாக, மாடி ரூம் சும்மாதான் கிடக்குது என்று.

விமானம் இறங்குகிறது என்று அறிவிப்பு வந்தது. மேகத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் சாம்பல் நிறமாயிற்று, மழைத்துளிகள் கண்ணாடியில் படுக்கைவாட்டில் ஓடின. தூக்கிப் போட்டது. கன்னியாஸ்திரி கண்ணைத் திறக்காமலே ஜெபமாலையை எடுத்தாள். இறக்கைக்கடியிலிருந்த பெட்டி திறந்து சக்கரம் கீழே இறங்குவது அவள் ஜன்னலுக்கு நேராகத் தெரிந்தது, குண்டு குண்டாக இரண்டு, ஆட்டோ சக்கரம் மாதிரி. சட்டென்று மேகம் விட்டது. தண்ணீர், எங்கும் தண்ணீர், பாத்தி பாத்தியாக. உப்பளங்கள்தான், மழையில் மூழ்கிக் கிடந்தன, வரப்பில் குவித்த உப்பு கீற்று போட்டு மூடியிருந்தது. தூரத்தில் உயரமான புகைபோக்கிகள். அதன் அடியில்தான் அவர். இவ்வளவு பக்கத்தில். சோளத்தட்டை அடுக்கிய ஒரு மொட்டை மாடியில் யாரோ துணி எடுப்பது தெரிந்தது. அப்போது இன்ஜின் சத்தம் திடீரென்று ஏறியது, முதுகு சீட்டோடு அழுந்தியது, எல்லாம் மறுபடி சாம்பல். சக்கரம் மடங்கி உள்ளே போய்ப் பெட்டி மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள். ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை, மழை குறையும்வரை சுற்றிக்கொண்டிருப்போம் என்று விமானி சொன்னார்.

சுற்றினார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே, வெள்ளைக்குள், கோவில் பிரகாரம் சுற்றுவதுபோல. விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு கூடவே, கேட்காமல், ஒரு ஐப்பசி மாதத்து ராத்திரி வந்தது. போன் அடிக்கிறது. எடுக்கிறாள். பின்னால் பஸ் ஹாரன், திண்டுக்கல் மதுரை என்று யாரோ கூவுகிற சத்தம். பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன் ஹேமா, ஒரே மழை, கூட்டமா வேற இருக்கு என்று அவர் சொல்கிறார். அவள் சொல்கிறாள், அப்படின்னா சிரமப்படாதீங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம். சரி என்கிறார். அதுதான் முதல் தடவை. ஆமாம், அதுதான். யார் முதலில் சொன்னது என்று இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தது, அவள்தான். அக்கறையாகத்தான் சொன்னாள், சத்தியமாக அக்கறைதான், நனைந்துகொண்டு நின்றபடி வர வேண்டாமே என்று. ஆனால் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாரே. பையை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மழையில் அவ்வளவு தூரம் வந்த மனிதர் எதற்காகப் போன் செய்தார்? வரவில்லை என்று சொல்லவா? அதை வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, ஏறி வாங்க என்று அவள் சொல்வாள் என்று நின்றிருக்கிறார். அது மட்டும் கேட்க வேண்டும் என்று நின்றிருக்கிறார். இவள் அதைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். அவர் பையோடு திரும்பி நடந்திருப்பார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தத் திரும்பி நடந்த தெரு அவள் கண்ணில் பட்டதில்லை, இப்போது பட்டது, சோடியம் விளக்கும் தேங்கிய தண்ணீரும், சட்டை முதுகில் ஒட்ட நடந்து போகிற நாற்பது வயது ஆளும். ஹேமாவதி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதீங்கம்மா, இறங்கிடுவோம் என்று கன்னியாஸ்திரி அவள் கைமேல் கை வைத்தாள். கண்ணீரைப் பார்த்துவிட்டுத் தப்பாக நினைத்துக்கொண்டாள். இல்ல சிஸ்டர் என்று சொல்ல வாயெடுத்து, ஆமாம் என்று தலையசைத்தாள்.

இறங்கவில்லை. மதுரைக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே கண்ணாடிக் கதவுகளுக்கு உள்ளே எல்லோரையும் நிற்கவைத்து, தூத்துக்குடிக்குப் போகிறவர்களுக்குப் பஸ் ஏற்பாடு செய்திருக்கிறோம், வேண்டாம் என்பவர்கள் இதே விமானத்தில் சேலம் திரும்பலாம் என்று சொன்னார்கள். மணி இரண்டரை ஆகியிருந்தது. விழா நாலு மணிக்கு. பஸ்ஸில் போனால் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அவள் ஓரமாக நகர்ந்து அவருக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

மதுரையில் இருப்பதாகச் சொன்னாள். அவர் தெரியும் என்றார். ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாராம், குடை எடுத்துக்கொண்டு. சத்தம் மட்டும் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்ததாம், ஒன்றும் தெரியவில்லையாம், அது போன பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாராம். பிறகு எப்போதும் பேசுகிற அந்தக் குரலில், இனிமே வந்து என்ன பண்ணப் போற ஹேமா, பங்ஷனே முடிஞ்சிடும், சேலத்துக்கே கொண்டுபோய் விடறாங்கன்னா போயிடு, எதுக்குச் சிரமம் என்றார்.

கண்ணாடிக்கு வெளியே, அவர்கள் வந்த விமானம் நின்றிருந்தது. பஸ் அதற்கு எதிர்ப்பக்க வாசலில். அவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை, ஆனால் நின்றுகொண்டுதான் பேசுகிறார் என்று தெரிந்தது.

"நான் வர்றேங்க," என்றாள். "லேட்டானாலும் பரவாயில்ல. பஸ்லயே வர்றேன்."

சொல்லிக்கொண்டே பஸ் நின்ற வாசல் பக்கம் நடந்தாள்.

"வர்றதுன்னா ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் அவர். "நீ குவார்ட்டர்ஸ்னு நினைச்சிட்டு வருவ. அதைக் காலி பண்ணிட்டேன். இங்கயே ஒரு சின்ன வீடு பாத்து, போன வாரமே சாமானெல்லாம் மாத்திட்டேன். நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இனிமே இங்கதான்னு. உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் ஹேமா."

மாடி அறையின் வெள்ளைச் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, இன்னும் ஆணிகூட அடிக்காத சுவர். இப்போது சொல்லலாம். இப்போது சொன்னால் போனில் சொன்னதாக ஆகும், அவர் சங்கடப்படுவார், விழாவுக்குப் போகிற நேரம். பிறகு, நேரில். அவள் சரிங்க என்றாள். அப்போது அவர், சரி, வா என்றார். வா. முடிஞ்சா என்று சேர்க்கவில்லை.

பஸ்ஸில் கன்னியாஸ்திரி அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தாள். அருப்புக்கோட்டை தாண்டியதும் கரிசல் காடு இரண்டு பக்கமும் கறுப்பாக நனைந்து கிடந்தது, மேலிருந்து கோடாகப் போன தூரம் இங்கே ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு டீக்கடையாக வந்தது. நாலு மணி. மாலை போடுவார்கள். நாலரை. ஜெபசெல்வி மைக்கில் பேசுவாள். அவருக்கு என்ன பிடிக்கும், வீட்டில் எப்படி இருப்பார் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவளைவிடச் சரியாக. அவர் இப்படித்தான் எல்லா ஊரையும் உட்கார்ந்தபடியே கடந்து வந்திருக்கிறார், இருட்டில், முட்டி இடிக்க, போகப் போக ஒரு வீட்டுக்குத்தான் போகிறோம் என்கிற நினைப்பில். அவளுக்கு அந்த வழியில் ஒரு ஊர்கூட அடையாளம் தெரியவில்லை. பெயர்ப்பலகையைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டாள். கால் வீங்கிச் செருப்பு இறுகியது. கன்னியாஸ்திரி பையிலிருந்து மக்ரூன், அந்த ஊர் முந்திரி இனிப்பு, எடுத்துக் கொடுத்தாள். வாயில் போட்டதும் கரைந்தது. இனிமே இங்கதான்னு. அந்தக் குரலில் வருத்தம் இருந்ததா, இல்லையா? அவர் குரலில் எது வருத்தம், எது சாதாரணம் என்று பிரிக்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போய்விட்டது.

ஊருக்குள் பஸ் நின்றபோது விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன, மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஒரு மருந்துக்கடையின் முன்னால் அவர் நின்றிருந்தார். தலை முழுக்க நரை. நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது, தோளில் சால்வை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை நிறைய ரோஜா மாலை. கன்னியாஸ்திரி அவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத் தன் வழியே போனாள். அவர் ஹேமாவதியின் கைப்பையை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். விழா நன்றாக நடந்ததா என்று கேட்டாள். நடந்துச்சு, எல்லாரும் நல்லா பேசினாங்க என்றார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்களாம். வந்துகொண்டிருக்கிறாள் என்று இவர் சொன்னதால் அதை எடுக்கவில்லையாம்.

"உனக்குன்னு வாங்கின மாலையை என்ன பண்றதுன்னு தெரியாம அந்த நாற்காலிக்குப் போட வந்தாங்க," என்றார். சிரிக்க முயன்றார். "எனக்கு என்னமோ ஆயிடுச்சு. எந்திரிச்சு வாங்கி மடியில வச்சுக்கிட்டேன். பங்ஷன் முடியறவரைக்கும் மடியிலதான் இருந்துச்சு."

அவள் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். உள்ளே இரண்டு மாலைகள் இருந்தன. ஒன்று கசங்காமல் இருந்தது, இன்னொன்றில் இதழ்கள் நசுங்கிக் கறுத்திருந்தன. எது தன்னுடையது என்று கேட்கவில்லை.

"மாடி ரூமை வெள்ளையடிச்சேங்க," என்றாள்.

"எப்போ?"

"போன மாசம். மேசை, விளக்கு எல்லாம் போட்டேன்."

அவர் குடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடையிலிருந்து தண்ணீர் அவர் சட்டைக்கையில் சொட்டியது, அதை அவர் கவனிக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஹேமா," என்றார். நீங்க கேட்டிருக்கலாமே என்று அவள் சொல்லவில்லை. ஆமாங்க என்றாள்.

அவர் கைகாட்ட, ஆட்டோ ஒன்று ஓரம் கட்டி நின்றது. முதலில் அவளை ஏறச் சொல்லிவிட்டு அவர் வெளியே நின்று குடையை மடக்கினார். சிக்கிக்கொண்ட கம்பியை விடுவிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பி, எங்க போணும்மா என்று கேட்டான். எந்தத் தெரு, ஆட்டோவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"அவர் ஏறட்டுங்க," என்றாள். "வீடு அவருக்குத்தான் தெரியும்."